ஆயிலில் தண்ணீர்! நடுக்கடலில் படகை நிறுத்தும் எதிரி

படகைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர்! அந்தத் தண்ணீரில்தான் படகு மிதக்கிறது. அந்தத் தண்ணீர்தான் மீனவருக்குச் சோறு போடுகிறது.

அதே தண்ணீர் என்ஜின் ஆயிலில் கலந்துவிட்டால்?

சோறு போட்ட தண்ணீரே படகுக்கு எமன் ஆகிவிடும்! பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள என்ஜின் பாழாகும். படகு நடுக்கடலில் நின்றுவிடும்.

தெருவில் லாரி நின்றால் ஓரமாகத் தள்ளி வைக்கலாம். பக்கத்து ஊரில் இருந்து மெக்கானிக்கை அழைத்து வரலாம். அவர் வரும் வரை டீக்கடையில் உட்கார்ந்து இருக்கலாம். கடலில் அது நடக்குமா? என்ஜின் நின்ற படகு, காற்று தள்ளும் பக்கம் போகும். நீரோட்டம் இழுக்கும் பக்கம் போகும்.

ராமேசுவரம் பக்கத்தில், பாக் நீரிணையில், இந்த ஆபத்து இன்னும் பெரிது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் எல்லை இருக்கிறது. 1974, 1976-ம் ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்களின்படி வகுத்த எல்லை அது. கடலின் மேல் வேலி கிடையாது. என்ஜின் ஓடாத படகு, காற்றோடு போய் எல்லையைத் தாண்டிவிடலாம். அப்புறம் படகைப் பறிகொடுக்க நேரிடும். ஆட்கள் சிறைக்குப் போகவும் நேரிடும். கரையில் காத்திருக்கும் மனைவி மக்களின் கதி என்ன?

இந்தத் துன்பத்தைத் தடுக்க ஒரு சின்ன வேலை போதும். அதற்கு அரை நிமிடம் ஆகும். காசு செலவு இல்லை.

தினமும் என்ஜினைக் கிளப்பும் முன்பு ஆயிலைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்!

எதைப் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? தண்ணீர் தெரிந்தால் என்ன செய்வது? சொல்லுகிறோம், கேளுங்கள்.

கடலில் மறைந்த டீசல்

முதலில் ஒரு சின்னக் கதை.

"டீசல்" என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்பது அவருடைய முழுப்பெயர். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். அவர் பிறந்த ஊர் பாரிஸ். பிறந்த ஆண்டு 1858.

அவர் கண்டுபிடித்த என்ஜின், 1897-ம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் நல்லபடியாக ஓடிக் காட்டியது. அதில் தீப்பொறி வைக்கத் தேவை இல்லை. காற்றை அழுத்தினால் சூடேறும் அல்லவா? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறதே, அதே தத்துவம்தான்! என்ஜினுக்குள் காற்று, தன் அளவில் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று அழுத்தப்படுகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி இரவு, ருடால்ப் டீசல் பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்துக்கு "டிரெஸ்டன்" என்ற கப்பலில் போனார். சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குச் சென்றார். விடிந்ததும் பார்த்தால் ஆளைக் காணவில்லை! சில நாட்களுக்குப் பிறகு கடலில் ஒரு உடல் மிதந்தது. அதில் இருந்த பொருள்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். அவர் எப்படி இறந்தார் என்பது இன்று வரை மர்மம்தான்.

கடலில் மறைந்தவரின் என்ஜின்தான் இன்று உலகம் எங்கும் கடலில் ஓடுகிறது!

நம் பக்கத்துக் கடலில் கட்டுமரமும் பாய்மர வள்ளமும்தான் வெகு காலம் ஓடின. 1952-ம் ஆண்டு இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒரு ஒப்பந்தம் செய்தன. கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் 1953-ல் வேலை தொடங்கியது. மீன்பிடி படகில் என்ஜின் வைப்பதை அந்தத் திட்டம் பரப்பியது. தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின.

பாய்மரக் காலத்தில் காற்றைப் பார்த்தார்கள். நீரோட்டத்தைப் பார்த்தார்கள். என்ஜின் வந்த பிறகு, பார்க்க வேண்டியவற்றில் ஆயிலும் சேர்ந்துகொண்டது.

ஆயிலுக்கு என்ன வேலை?

தையல் எந்திரத்துக்கு ஏன் எண்ணெய் விடுகிறோம்? இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க.

படகு என்ஜினிலும் அதுதான். ஆனால் இங்கே வேகமும் பாரமும் அதிகம். பிஸ்டன் ஒரு நிமிடத்தில் பல நூறு தடவை ஏறி இறங்குகிறது. கிராங்க் தண்டு சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு ஆயில் படலம் நிற்கிறது. அந்தப் படலம் தலைமயிரைவிட மெல்லியது. என்ஜினின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான்!

ஆயிலுக்கு வேறு வேலைகளும் உண்டு. சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கரியைச் சுமந்துகொண்டு போய் பில்டரில் சேர்க்கும். உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும்.

இந்தக் காவல்காரனுடைய பகைவன்தான் தண்ணீர்.

தண்ணீர் எப்படி நுழைகிறது?

"என்ஜின் நாலு பக்கமும் மூடித்தானே இருக்கிறது? தண்ணீர் எப்படி உள்ளே போகும்?" என்று கேட்கலாம். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். எரியும் டீசலில் இருந்தே தண்ணீர் பிறக்கிறது!

டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஒரு படகு ஒரு தடவை கடலுக்குப் போய்வர 100 லிட்டர் டீசல் எரித்தால், ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது!

அது ஆவியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது இல்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். ஆனால் கொஞ்சம் ஆவி, பிஸ்டன் வளையத்தின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயில் இருக்கும் இடத்துக்குப் போகும். என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் இந்த ஆவியும் மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறும் முன்பே என்ஜினை நிறுத்திவிட்டால், ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும்.

இரண்டாவது வழி, காற்றின் ஈரம்.

சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும். அதுபோலத்தான் இதுவும். என்ஜின் ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். இரவில் இரும்பு குளிரும். அந்த ஈரம் உள்சுவரில் வியர்த்து ஆயிலில் இறங்கும். பல நாள் ஓடாமல் கிடக்கும் படகில் தினமும் இது நடக்கும்.

மூன்றாவது வழி, குளிர்விக்கும் தண்ணீர்.

என்ஜின் சூட்டைத் தணிக்க, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. ஒரு பக்கம் ஆயில். மறு பக்கம் தண்ணீர். நடுவே ஹெட் கேஸ்கட், லைனரின் ரப்பர் வளையம், ஆயில் கூலரின் மெல்லிய குழாய்கள், பம்பின் சீல் ஆகியவை தடுப்பாக இருக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதானால் போதும். தண்ணீர் ஆயிலுக்குள் வந்துவிடும். ஈரம் வியர்த்துச் சேர்வது சொட்டுச் சொட்டாக. இது லிட்டர் கணக்கில்! ஆகவே இதுதான் மிகவும் ஆபத்தானது.

நான்காவது வழி, வெளியில் இருந்து நேராக வரும் தண்ணீர்.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்காமல் விட்டால், அது ஏறி என்ஜினைத் தொடும். அளவுக் கம்பியின் துளை வழியாகவும் சீல் வழியாகவும் உள்ளே புகும். புகைக்குழாயின் வாய் திறந்து கிடந்தால் மழைநீர் இறங்கும். புகைக்குழாய்க்குள் கடல்நீர் விடும் அமைப்பு சில படகுகளில் உண்டு. அதில் துரு ஓட்டை விழுந்தால், அந்த நீர் திரும்பி என்ஜினுக்குள்ளேயே வந்துவிடும்.

தண்ணீர் செய்யும் கேடு

பேரிங்கைத் தாங்கும் ஆயில் படலத்தைச் சொன்னோம் அல்லவா? தண்ணீருக்கு அந்தப் பாரம் தாங்கும் சக்தி கிடையாது. தண்ணீர் கலந்த இடத்தில் படலம் அறுந்துபோகும். இரும்பும் இரும்பும் உரசும். பேரிங் தேயும், சூடேறும், உருகும். கடைசியில் கிராங்க் தண்டு இறுகி என்ஜின் நின்றுவிடும்.

அடுத்தது துரு. கடல்நீர் என்றால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு, பளபளவென்று இருக்கும் தண்டில் அம்மைத் தழும்பு போலக் குழி விழச் செய்துவிடும்.

மூன்றாவது, அமிலம். டீசல் எரியும்போது வரும் புகையில் அமிலமாக மாறக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. தண்ணீர் இருந்தால் அவை அமிலமாகி உலோகத்தை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகத்தின் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கந்தக அமிலத்தின் தொல்லை முன்பு போல் இல்லை. ஆனாலும் அமிலம் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

நான்காவது, சேறு. தண்ணீரும் கரியும் ஆயிலும் சேர்ந்து கெட்டிச் சேறு ஆகும். அது பில்டரை அடைக்கும். ஆயில் போகும் சின்னத் துளைகளை அடைக்கும். தொட்டி நிறைய ஆயில் இருந்தும், வேண்டிய இடத்துக்கு ஆயில் போகாது!

கண்ணே கருவி!

இதை எல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய சோதனைச் சாலை வேண்டுமா? வேண்டாம். முதல் சோதனைக்குக் கண் போதும்.

காலையில், என்ஜினைக் கிளப்பும் முன்பு, படகு ஆடாமல் நேராக நிற்கும்போது அளவுக் கம்பியை உருவுங்கள். சுத்தமான துணியால் துடையுங்கள். மறுபடியும் முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, நிறம். டீசல் என்ஜின் ஆயில் கறுப்பாக இருந்தால் பயம் இல்லை. கரியைச் சுமப்பது அதன் வேலை. புது ஆயில்கூடச் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஆனால் பால் விட்ட காப்பி போல வெளுத்துக் குழம்பி இருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு, அளவு. ஆயில் நாளாக ஆகக் கொஞ்சம் குறையலாம். ஊற்றாமலே கூடலாமா? கூடாது! நேற்று இருந்ததைவிட இன்று அளவு ஏறி இருந்தால், வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. அது தண்ணீராக இருக்கலாம். அல்லது டீசலாக இருக்கலாம். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும், டீசல் வாடை அடிக்கும், வெளுக்காது. தண்ணீர் கலந்த ஆயில் வெளுக்கும். இரண்டுமே என்ஜினுக்கு ஆகாது.

பலர் ஆயில் குறைந்தால் கவலைப்படுகிறார்கள். கூடினால் "பரவாயில்லை, நிறைய இருக்கிறது" என்று போய்விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஒளிந்து இருக்கிறது!

ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து பாருங்கள். அதன் உள்பக்கம் வெண்ணெய் போல ஏதாவது ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? மூடியில் மட்டும் இலேசாக இருந்து, கம்பியில் ஆயில் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் காற்றின் ஈரம். என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் மறைந்துவிடும். கம்பியிலும் வெளுப்பு இருந்தால் விஷயம் பெரிது.

இன்னும் சில அறிகுறிகள் உண்டு. குளிர்விக்கும் தண்ணீர் அடிக்கடி குறைவது, அந்தத் தண்ணீரில் குமிழி வருவது, என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது. இவற்றில் எது தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் உடனே சொல்லுங்கள்.

கடுகு வெடிப்பது போல...

சந்தேகமாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. அது தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்!

ஈர வாணலியில் எண்ணெய் விட்டுக் காய வைத்தால் என்ன ஆகும்? படபடவென்று வெடிக்கும். எண்ணெயின் அடியில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்வதால் வரும் சத்தம் அது.

மெக்கானிக்குகள் இதே முறையில் ஆயிலைச் சோதிப்பது உண்டு. ஒரு இரும்புத் தகட்டைச் சூடாக்குவார்கள். அதன்மேல் ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுவார்கள். சத்தம் இல்லாமல் பரவினால் ஆயில் நன்றாக இருக்கிறது. குமிழி விட்டுப் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். 20 லிட்டர் ஆயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 20 மில்லி. நாலு தேக்கரண்டித் தண்ணீர்தான்!

ஆனால் எச்சரிக்கை! இதைப் படகுக்குள் செய்யக்கூடாது. டீசல் இருக்கும் இடத்தில் செய்யக்கூடாது. முகத்தை அருகில் கொண்டுபோகக்கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது.

தீ வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, ஒரு இரவு அசையாமல் வையுங்கள். கலந்த நீர் பிரிந்தால் பாட்டிலின் அடியில் நிற்கும். ஆனால் நன்றாகக் கலந்து மோர் போல ஆகிவிட்ட ஆயில் சுலபத்தில் பிரியாது. அதற்குக் கண்ணே சாட்சி!

தண்ணீர் தெரிந்தால் என்ன செய்வது?

முதல் விதி: என்ஜினைக் கிளப்பாதீர்கள். "இன்று ஒரு நாள் மட்டும் போய்வந்து விடலாம்" என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் மீனுக்காக என்ஜினையே இழக்கலாமா?

இரண்டாவது விதி: தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுக் கடலுக்குப் போவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல! மறுநாள் புது ஆயிலும் வெளுத்து நிற்கும். கேஸ்கட்டா, கூலரா, லைனரா, பம்பா என்று மெக்கானிக் பார்க்கட்டும்.

மூன்றாவது விதி: பழுதைச் சரி செய்த பிறகு பழைய ஆயில் முழுவதையும் வடிக்க வேண்டும். பில்டரை மாற்ற வேண்டும். புது ஆயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட வேண்டும். வெளுப்பு மறையும் வரை இப்படிச் செய்ய வேண்டும். ஆயில் செலவு ஆகத்தான் செய்யும். கிராங்க் தண்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நிற்கிறது என்ற சந்தேகம் இருந்தால் செல்ப் போடவே கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழி மறிக்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும்!

கடலில் போகும்போதே ஆயில் பிரஷர் குறைந்தாலோ, என்ஜின் தட்டும் சத்தம் கேட்டாலோ, உடனே நிறுத்துங்கள். நங்கூரம் போடுங்கள். மற்ற படகுகளுக்கு வயர்லெசில் சொல்லுங்கள். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. இதைப் படகின் அறையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

தினமும் செய்ய வேண்டியவை

ஆயிலின் நிறத்தையும் அளவையும் பாருங்கள்.

குளிர்விக்கும் தண்ணீரின் அளவைப் பாருங்கள். என்ஜின் ஆறி இருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கடல்நீர் இழுக்கும் வடிகட்டியில் பாசியும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடியுங்கள். டீசலிலும் தண்ணீர் சேரும்.

படகின் அடியில் உள்ள தண்ணீரை இறையுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜின் கிளம்பியதும் குளிர்விக்கும் கடல்நீர் வெளியே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்தான். ஒரு டீ குடிக்கும் நேரம்!

மணிக்கணக்கு முக்கியம்

லாரிக்குக் கிலோ மீட்டர் கணக்கு. படகுக்கு மணிக்கணக்கு. எத்தனை மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்ற வேண்டும் என்பது என்ஜினோடு வரும் புத்தகத்தில் எழுதி இருக்கும். 100 மணி, 200 மணி, 250 மணி என்று என்ஜினுக்கு என்ஜின் மாறும். உங்கள் என்ஜினுக்கு எது என்று பார்த்து, அதன்படி நடங்கள்.

தினமும் பத்து மணி நேரம் ஓடும் படகுக்கு 200 மணி என்பது 20 நாள்தான். "போன மாதம்தானே மாற்றினோம்" என்ற கணக்கு இங்கே உதவாது!

ஆயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றுங்கள். அழுக்குப் பில்டரோடு புது ஆயில் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுவது போல. என்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால், அழுக்கும் சேர்ந்து இறங்கும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் வடியுங்கள்.

கடல்நீர் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். குளிர்விக்கும் பகுதியில் துத்தநாகக் கட்டி வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். கடல்நீர் முதலில் அந்தத் துத்தநாகத்தை அரிக்கும்; மற்ற உலோகம் தப்பும். பாதி கரைந்ததும் புதிது போடுங்கள்.

61 நாள் ஓய்வு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்காக இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள் ஆனது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

இந்த நாட்களில் படகைக் கரை ஏற்றுவார்கள். பலகை மாற்றுவார்கள். சாயம் பூசுவார்கள். என்ஜின் வேலையும் நடக்கும்.

இங்கே பலர் ஒன்றைத் தள்ளிப் போடுகிறார்கள். "கடலுக்குப் போகும்போது ஆயில் மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ஆயிலில் தண்ணீரும் அமிலமும் கரியும் இருக்கின்றன. இரண்டு மாதம் அது உள்ளேயே கிடந்து பேரிங்கை அரிக்கும்!

படகு ஓய்வு எடுக்கத் தொடங்கும்போதே ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். புது ஆயிலோடு சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். நல்ல ஆயில் உள்ளே எங்கும் பரவித் துருவைத் தடுக்கும். புகைக்குழாயின் வாயைத் தகர டப்பாவால் மூடுங்கள். மழைநீர் இறங்காது. கிளப்பும் முன்பு அதை எடுக்க மறக்கக்கூடாது! டீசல் தொட்டி காலியாகக் கிடந்தால் சுவர் வியர்க்கும். நிரப்பி வைப்பது நல்லது.

நடுநடுவே என்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுவது நல்லதா? இல்லை. அரைகுறைச் சூட்டில் ஈரம்தான் அதிகமாகச் சேரும்.

தடைக்காலம் முடிந்ததும் முதல் வேலை, மறுபடியும் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பது. செல்ப் போடும் முன்பு, மெக்கானிக்கைக் கொண்டு என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது.

என்ஜின் கடலில் விழுந்தால்?

பைபர் படகுகளில் பின்பக்கம் மாட்டும் மோட்டார் உண்டு. அலையில் படகு கவிழ்ந்தால் மோட்டாரும் மூழ்கும். மீட்டு எடுத்தவுடன் வெயிலில் காய வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதுதான் தவறு! காற்று பட்டதும் உப்பு வேலையைக் காட்டத் தொடங்கிவிடும்.

உடனே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். உள்ளே உள்ள நீரை வெளியேற்றி ஆயில் விட்டு ஓட்ட வேண்டும். மெக்கானிக் கிடைக்கத் தாமதம் ஆனால், மோட்டாரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுவதும் மூழ்க வைத்திருப்பது, காற்றில் வைப்பதைவிட நல்லது.

இந்த மோட்டாரின் அடியில் உள்ள கியர் ஆயிலையும் பாருங்கள். அது வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

பழைய ஆயிலைக் கடலில் ஊற்றாதீர்கள்!

வடித்த ஆயிலை என்ன செய்வது? கடலில் ஊற்றினால் அது மெல்லிய படலமாக வெகு தூரம் பரவும். மீன் முட்டையும் குஞ்சும் சாகும். நம் வலைக்கு வர வேண்டிய மீனை நாமே கொல்லலாமா? சட்டப்படியும் அது குற்றம். கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

உங்கள் வீட்டு வண்டிக்கும் இதுதான்!

"எங்களிடம் படகு இல்லையே" என்கிறீர்களா? மோட்டார் சைக்கிள் இருக்கும். ஸ்கூட்டர் இருக்கும். தோட்டத்தில் டீசல் பம்பு இருக்கும்.

கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், என்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிறோம். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் போல ஒட்டி இருக்கும். வாரம் ஒரு தடவையாவது வண்டியை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஈரம் ஆவியாகிப் போகும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும், ஆயிலைப் பார்க்காமல் கிளப்பவே கிளப்பாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று. படகு வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயில் எந்தத் தேதியில் மாற்றியது, காலையில் அளவு எவ்வளவு இருந்தது, நிறம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எழுத நேரம் இல்லை என்றால், நீங்கள் சொல்லச் சொல்ல வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதட்டும். எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்ட தாயும் எழுதலாம். தினமும் நாலு எண், ஒரு வரி. அவ்வளவுதான்.

"நேற்றைவிட இன்று ஆயில் கூடி இருக்கிறதே, அப்பா!" என்று ஒரு நாள் அந்தப் பிள்ளை சொல்லக்கூடும். அன்று படகு கரையிலேயே நிற்கட்டும். ஒரு நாள் வருமானம் போகும். அப்பா பத்திரமாக வீட்டில் இருப்பார்!